வரிசையில் நின்றுபோன சொல்

காலை மணி பதினொன்று. எல்லாம் கெட ஆரம்பித்த நேரம் அதுதான். கெடுத்தவள் நான்.

கூட வேலை செய்த ஒரு பெண்ணோடு யாருமே பேசாதபடி செய்தேன். பிறகு அவளுடைய இரண்டு கைகளும் வெந்துபோயின. அதற்கும் பிறகு, அவளுக்குப் புத்தி சரியில்லை என்று என் வாயாலேயே சொல்லி அவளை வேலையை விட்டு அனுப்பவும் வைத்தேன். பாய்லர் இல்லை, விதி இல்லை, அவளுடைய கவனக்குறைவு இல்லை... நான்!

இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு என் முகம் தெரியாது என்பதால்தான் சொல்ல முடிகிறது. போன வெள்ளிக்கிழமை என் வீட்டு வாசலில் நடந்ததிலிருந்து ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். அடுப்பில் வைத்த பாலைப் பொங்கவிட்டு நிற்கிறேன். கோவையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓசூருக்கு வெளியே, பெங்களூர் ரோட்டை ஒட்டி, பட்டு நூல் எடுக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. ஷெட் என்றுதான் சொல்வோம். பட்டுக்கூடுகளை வெந்நீரில் போட்டு, கொதியில் அவை இளகியதும் இழையின் நுனியை விரலால் தேடிப் பிடித்து, ஏழெட்டு இழைகளை ஒரே நூலாகச் சேர்த்து ராட்டையில் ஏற்ற வேண்டும். ஒரு தொட்டிக்கு இரண்டு பேர். முன்னால் உட்கார்ந்து இழை எடுப்பவள் ஒருத்தி, பின்னால் நின்று ராட்டையைச் சுற்றுபவள் ஒருத்தி. நீண்ட வரிசை. புழு வேகும் நாற்றம் தலைமயிரில் ஏறினால் சீயக்காய்க்கும் இறங்காது.

நான் அங்கே பெண்களுக்கு மேற்பார்வை. எட்டாவது படித்து, பயிற்சி முடித்து, கல்யாணத்துக்கு முன் காவேரிப்பட்டினத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். அதனால் எல்லாருக்கும் டீச்சரம்மா. கணவர் போன பிறகு ஒரே மகள் வசந்தாவைக் கூட்டிக்கொண்டு ஓசூருக்கு வந்து அந்த வேலையில் சேர்ந்தேன். வசந்தாவுக்கு அப்போது பதினேழு வயது. வீட்டில் தனியாக விட்டுவர எனக்குப் பயம். அவளையும் ஷெட்டிலேயே ராட்டை சுற்றச் சேர்த்துவிட்டேன். என் கண் முன்னால் இருக்கட்டும் என்று நினைத்தேன்... என் கண்தான் அவளைவிட்டு அகன்றதே இல்லையே!

வசந்தா ராட்டை சுற்றியது கெம்பம்மாவுக்கு.

கெம்பம்மாவுக்கு முப்பது வயதிருக்கும். ஆனேக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். வீட்டில் கன்னடம். வாழ்க்கைப்பட்ட ஊரில் தெலுங்கு. சந்தையில் தமிழ். பக்கத்து வீட்டு பாய்மார்களிடம் பழகி உருதும் பேசுவாள். புருஷன் விட்டுவிட்டுப் போனவன். அதைக்கூட மூன்று பாஷையில் மூன்று விதமாகச் சொல்லிச் சிரிக்க வைப்பாள்.

எங்கள் ஷெட் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். தமிழ்க்காரிகள் ஒரு பக்கம், வேப்பனப்பள்ளியிலிருந்து வந்த தெலுங்குக்காரிகள் நடுவில், கன்னடக்காரிகள் அடுத்து. சாப்பிடும்போது மூன்று வட்டம். தண்ணீர் குடிப்பதில் அதற்குள்ளும் வட்டங்கள். யார் யாருக்கு மேலிருந்து ஊற்றுவது, யார் எந்தச் செம்பைத் தொடலாம் என்று ஒருவரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். ஒருத்தியைப் பற்றி இன்னொருத்தி அவளுக்கு நேராகவே, அவளுக்குப் புரியாத பாஷையில் பேசிக்கொள்வாள். இந்த வட்டங்களுக்கு நடுவே ஊசி நுழைவதுபோல் நுழைந்து வெளியே வருகிறவள் கெம்பம்மா ஒருத்திதான்.

தெலுங்குக்காரி முனிரத்தினம்மா, மேனேஜர் நடப்பது நனைந்த கோழி வெயில் காய்வது மாதிரி இருக்கிறது என்று தன் பாஷையில் சொல்வாள். தெலுங்குக்காரிகள் முதலில் சிரிப்பார்கள். கெம்பம்மா அதைத் தமிழில் சொல்வாள். தமிழ்ப் பக்கம் சிரிக்கும். பிறகு கன்னடத்தில், கோழிக்கு ஒரு தொப்பியும் வைத்துச் சொல்வாள். ஒரே சிரிப்பு அந்த வரிசையில் மூன்று தவணையாக வரும்.

என்னையும் விடமாட்டாள். “டீச்சரம்மா, நீங்க ஒரு வாட்டி சிரிங்க. இழை ஒண்ணும் அறுந்துடாது” என்பாள். நான் சிரிக்க மாட்டேன். சிரித்தால் மேற்பார்வை போய்விடும் என்று நினைப்பு.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அதைக் கவனமாகக் கேளுங்கள்.

தொட்டிகளுக்குள் நீராவிக் குழாய் போகும். தண்ணீர் ஆறிப்போனால் பாய்லர்காரர் பாஷா பாய் குழாயை இரண்டு தட்டு தட்டிவிட்டு ஆவியைத் திறப்பார். திறந்த சிறிது நேரத்தில் முதல் தொட்டியிலிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாகத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். அதற்குள் கையை எடுத்துவிட வேண்டும். ராட்டைகளின் கடகட சத்தத்தில் அந்தத் தட்டு முதல் தொட்டிக்காரிக்கு மட்டும்தான் கேட்கும். அவள் பக்கத்தில் இருப்பவளுக்குச் சொல்வாள். அவள் அடுத்தவளுக்கு. தொட்டு உசுப்பினால் இன்னும் சுலபம். ஆனால் யாரை யார் தொடலாம் என்ற சங்கடம் இருக்கிறதே! அதனால் சொல்தான். கேட்பவளுடைய பாஷையில் சொல்வது மரியாதை. “கையெடு” என்று தமிழில் கிளம்பும். நடுவில் “செய்யி தீ” என்று தெலுங்காகும். முனிரத்தினம்மா கெம்பம்மாவுக்குச் சொல்வாள். கெம்பம்மா “கை தெகி” என்று கன்னடத்தில் கடைசிவரை கேட்கிற மாதிரி விடுவாள். அந்தச் சொல் ஓட ஓட கைகள் வரிசையாக மேலே எழும்பும். முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. ஒருவர் செம்பை ஒருவர் தொடாதவர்கள், ஒருவர் கையை ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்!

அப்படிப்பட்ட இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன்.

ஏன் திறந்தேன்? இதற்குத்தான் எத்தனையோ நாளாகப் பதில் தேடுகிறேன்.

வசந்தா கன்னடம் கற்றுக்கொண்டாள். அதுதான் ஆரம்பம். என் மகள் எனக்குப் புரியாத பாஷையில் சிரித்தாள். ராட்டையைச் சுற்றிக்கொண்டே கெம்பம்மாவிடம் ஏதோ கேட்பாள். கெம்பம்மா திரும்பாமலே ஏதோ சொல்வாள். வசந்தா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள். நான் அருகே போனால் இருவரும் தமிழுக்கு வந்துவிடுவார்கள். அது எனக்காகக் காட்டிய மரியாதை என்று இன்று தெரிகிறது. அன்று அது எனக்கு ஒளிப்பதாகத் தெரிந்தது.

வீட்டில் வசந்தா என்னிடம் அதிகம் பேச மாட்டாள். தகப்பன் போன பிறகு நானும் அவளும் ஒருவரை ஒருவர் சாப்பிட்டாயா, கதவைச் சாத்தினாயா என்று மட்டும் கேட்டுக்கொண்டு வாழ்ந்தோம். வீட்டில் இல்லாத சிரிப்பு ஷெட்டில் எங்கிருந்து வருகிறது? என்னைப் பற்றித்தான் பேசுகிறார்களா? என் நடையைப் பற்றியா, என் விதவைக் கோலத்தைப் பற்றியா?

அதோடு கெம்பம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தான். மாட்டுவண்டியில் கூடுக் கூடைகள் கொண்டுவந்து இறக்குவான். ஒருநாள் வசந்தா அவனிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டாள். அவன் பதில் சொன்னான். அவ்வளவே. அவன் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. ஆனால் அந்த நினைவில்லாத முகத்தை வைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்தை நடத்தி, ஊராரின் ஏச்சையெல்லாம் கேட்டு, தூக்குக் கயிறுவரை போய்வந்தேன் மனசுக்குள்! பெற்றவள் பயந்தால் எவ்வளவு தூரம் போவாள் என்று உங்களுக்குத் தெரியுமா?

இப்போது அந்தப் பதினொரு மணிக்கு வருகிறேன்.

யுகாதி வரப்போகிற சமயம். மேனேஜர் பண்டிகைக்கு லீவு தருவதில்லை. பெண்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். யுகாதிக்குக் கன்னடக்காரிகளும் தெலுங்குக்காரிகளும் மட்டும் வேலைக்கு வராமல் நின்றால் வேலை போகும். அதனால் தமிழ்க்காரிகளும் அன்று நிற்பது. சித்திரை முதல் நாள் தமிழ்க்காரிகளுக்காக மற்றவர்கள் நிற்பது. ரம்ஜானுக்கும் அப்படியே. வட்டம் வட்டமாகப் போய்ப் பேசி மூன்று பக்கத்தையும் சம்மதிக்க வைத்தவள் கெம்பம்மா.

மறுநாள் காலை மேனேஜர் ஷெட்டுக்கே வந்து நின்று, பண்டிகையன்று வராதவர்கள் அதற்குப் பிறகும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு யார் சொன்னது?

நான்தான். தினமும் சாயங்காலம் ஷெட்டில் நடந்ததை அவரிடம் சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. அதைத் தப்பு என்று நான் அன்று நினைக்கவில்லை.

மணி பதினொன்று அடித்தது. தண்ணீர் குடிக்க ராட்டைகள் நின்றன. பானையருகே முனிரத்தினம்மாவும் இன்னும் இரண்டு மூன்று பேரும் கொதித்துக்கொண்டு நின்றார்கள். நம்முடைய பேச்சு அவருக்கு எப்படிப் போனது, எவள் சொன்னது என்று ஒரே பொருமல். முனிரத்தினம்மா என்னைப் பார்த்தாள்.

“டீச்சரம்மா, நீங்க படிச்சவங்க. நீங்களே சொல்லுங்க. எவ போய் ஓதியிருப்பா?”

அவள் என்னைச் சந்தேகித்துக் கேட்டாளா, நம்பிக் கேட்டாளா? இன்றுவரை தெரியாது. அந்தச் சமயம் பார்த்துக் கொட்டகைக் கோடியில் வசந்தா சிரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கெம்பம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். என் தோளில் அவள் அப்படிச் சாய்ந்து எத்தனை காலம் ஆயிற்று!

நான் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

“எல்லார் பாஷையும் தெரிஞ்சவ இங்க யாரு?”

அவ்வளவுதான். பெயர் சொல்லவில்லை. பொய்கூடச் சொல்லவில்லை பாருங்கள்! ஒரு கேள்விதான் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளே விடையைக் கண்டுபிடிக்கட்டும் என்று கேட்போமே... அந்த மாதிரி.

கண்டுபிடித்தார்கள்.

முனிரத்தினம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். அவள் இத்தனை நாளாகக் கெம்பம்மாவின் காதுபடப் பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. அப்போது எனக்குள் ஓடியதை மறைக்க மாட்டேன். சந்தோஷம்! உடம்பெல்லாம் சூடாக ஓடியது. பெரிய ஆபத்திலிருந்து நானும் என் மகளும் தப்பிவிட்டது மாதிரி!

அன்று மத்தியானமே அது மூன்று பாஷைக்கும் போய்விட்டது. கெம்பம்மா இல்லாமலே போன முதல் செய்தி.

அதன் பிறகு யாரும் அவளோடு சண்டை போடவில்லை. திட்டவில்லை. பேச்சை நிறுத்தினார்கள். கெம்பம்மா ஒரு வட்டத்தருகே போனால் சாப்பாட்டுத் தூக்குகள் மூடிக்கொள்ளும். கன்னடக்காரிகள்கூட அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்கள். என்ன நடந்தது என்று அவள் முதல் நாள் சிரித்துக்கொண்டே கேட்டாள். அடுத்த நாள் கெஞ்சிக் கேட்டாள். பிறகு கேட்கவே இல்லை. என்ன குற்றம் என்று சொல்லாத தண்டனைக்கு எப்படிப் பதில் சொல்வது?

வசந்தா மட்டும் பேசினாள். அதையும் நான் நிறுத்தினேன். “உனக்குத் தனித் தொட்டி தர்றேன்” என்று ஆசை காட்டி வரிசையின் கடைசியில் இழை எடுக்க உட்கார்த்தி வைத்தேன். மத்தியானச் சாப்பாட்டை என்னோடு ஆபீஸ் அறையில் சாப்பிடச் சொன்னேன். வசந்தா முறைத்தாள். “எல்லாரும் அந்தக்காவ ஏம்மா இப்படிப் பண்றாங்க? யார் மொதல்ல ஆரம்பிச்சது?” என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னேன்.

கெம்பம்மாவுக்கு ராட்டை சுற்ற வேறொருத்தி வந்தாள். அவள் பேச மாட்டாள். நிறுத்து என்றால் நிறுத்துவாள், சுற்று என்றால் சுற்றுவாள். சுவரோடு வேலை செய்வது மாதிரி. கெம்பம்மாவின் இழை அடிக்கடி அறுந்தது. மத்தியானம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தூக்கைத் திறக்காமலே மூடினாள். சில வாரங்களில் அவள் உதடு தானாக அசைய ஆரம்பித்தது. தொட்டிக்குள் மிதக்கும் கூடுகளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பார்த்தவர்கள் ஒருவருக்கொருவர் கண் காட்டினார்கள். மனசில் குற்றம் இருப்பவள்தான் இப்படி ஆவாள் என்று பேசிக்கொண்டார்கள்.

நான் என்ன செய்தேன்? தினமும் மத்தியானம் அவளருகே போய் நின்று, “சாப்பிட்டியா கெம்பம்மா?” என்று கேட்டேன்.

இதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. இரக்கத்தில் கேட்கவில்லை. அவளுக்கு என்மேல் சந்தேகம் வந்துவிட்டதா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கேட்டேன். அவள் முகம் அந்த ஒரு கேள்விக்கு மலரும். “ஆச்சும்மா. உங்க ஊட்டா ஆச்சா?” என்று என் சாப்பாட்டையும் விசாரிப்பாள். திறக்காத தூக்கு அவள் பக்கத்திலேயே இருக்கும். சந்தேகம் இல்லை என்று நிச்சயமானதும் நான் நிம்மதியாகத் திரும்பி வருவேன்.

ஆவிக்கான சொல் மட்டும் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. முனிரத்தினம்மா கெம்பம்மாவைப் பார்த்துச் சொல்ல மாட்டாள். அவளுக்கு அப்பால் இருக்கும் கன்னடக்காரியைப் பார்த்து, கெம்பம்மாவின் தலைக்கு மேலாகச் சொல்வாள். கெம்பம்மாவின் காதிலும் அது விழும். அவள் கையை எடுப்பாள். அப்படியே நடந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

ஒருநாள், கெம்பம்மாவுக்கு அப்பால் இருந்த அந்தக் கன்னடக்காரி வரவில்லை. காய்ச்சல். தொட்டி காலி.

நான் வரிசைக்குப் பின்னால், முதல் தொட்டிப் பக்கமாக நின்றிருந்தேன். பாஷா பாய் குழாயைத் தட்டியது எனக்கும் கேட்டது. “கையெடு” கிளம்பியது. கைகள் எழும்பின. தெலுங்கானது. முனிரத்தினம்மாவின் கைகளும் எழும்பின. அவள் வழக்கம்போல் கெம்பம்மாவைத் தாண்டிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. சொல்ல வேண்டுமென்றால் கெம்பம்மாவிடம்தான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள்... மூடினாள். இத்தனை வாரம் காத்த பேச்சின்மையை உடைப்பதா என்று ஒரு மூச்சு நேரம் தயங்கினாள். அவ்வளவுதான் அவள் குற்றம். ஒரு மூச்சு!

என் குற்றம் என்ன தெரியுமா? நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல் நின்றுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நான் ஒரு குரல் கொடுத்திருக்கலாம். ஆனால் முனிரத்தினம்மா பேசுவாளா மாட்டாளா என்று பார்க்கும் ஆவல் ஒன்று என்னைப் பிடித்து நிறுத்தியது. அந்த ஆவலுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் கொதித்தது. கெம்பம்மாவின் இரண்டு கைகளும் மணிக்கட்டுவரை உள்ளே இருந்தன.

அவள் அலறவில்லை. கையைப் பிடுங்கிக்கொண்டே கத்தினாள். “கை தெகி! கையெடு! செய்யி தீ!” என்று மூன்று பாஷையிலும், எத்தனையோ நாளாக யாரும் அவளிடம் பேசாத அந்த வரிசையின் கோடிவரை கத்தினாள். பெருந்தன்மை என்று அதைச் சொல்ல மாட்டேன். பழக்கம். உடம்பில் ஊறிய பழக்கம். ஆனால் அந்தப் பழக்கத்தால்தான் அவளுக்கு அப்பால் இருந்த கைகளெல்லாம் எழும்பின. கடைசித் தொட்டியில் இருந்த என் மகளின் கைகளும்.

நான் ஓடினேன். எங்கே ஓடினேன் என்று சொல்லட்டுமா? கெம்பம்மாவைத் தாண்டி ஓடினேன்! வசந்தாவின் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிறு சிவப்புக்கூட இல்லை. “என்னை விடும்மா” என்று அவள் உதறினாள். உதறிவிட்டு அவள் கெம்பம்மாவிடம் ஓடினாள். கெம்பம்மா இரண்டு கைகளையும் மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள். தோல் உரிந்து தொங்கியது. அவளைச் சுற்றி இடம் விட்டு எல்லாரும் நின்றார்கள். வசந்தாவும் பாஷா பாயும்தான் அவளை முதலில் தாங்கியவர்கள். கூடுகள் வரும் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். மற்றவர்களெல்லாம் எடுத்தபோது அவள் மட்டும் ஏன் கையை எடுக்கவில்லை என்றார்.

சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷத்திலாவது சொல்லியிருக்கலாம்! நான் சொன்னது இது.

“கொஞ்ச நாளா அவளுக்குப் புத்தி சரியில்லைங்க. தனக்குத்தானே பேசிக்கிறா.”

அதுவும் பொய் இல்லை பாருங்கள். அவள் தனக்குத்தானே பேசிக்கொண்டதை ஷெட்டே பார்த்திருந்தது. வேறு யாரிடம் பேசுவாள்? பேச ஆளில்லாமல் செய்துவிட்டு, ஆளில்லாமல் பேசுகிறாள் என்று குற்றமும் நானே சொன்னேன். மேனேஜர் தலையை ஆட்டினார். அப்படிப்பட்டவளை வெந்நீர் வேலையில் வைத்தது ஆபத்து என்று முடித்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளை ஷெட் திரும்ப எடுக்கவில்லை. அவள் ஆனேக்கல் பக்கம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

முனிரத்தினம்மா அதோடு ஒடுங்கிப்போனாள். கோழிக் கதை, கேலி, ஒன்றும் இல்லை. ஒருநாள் என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். “எம் பாவம் டீச்சரம்மா. ஒரு சொல்லு சொல்லியிருந்தா அவ கை தப்பிச்சிருக்கும்” என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். உன் பாவம் இல்லை, என் பாவம் என்று தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவளையும் சுமக்க விட்டேன்.

நாலைந்து வருடம் ஓடிவிட்டது. நான் ஷெட்டை விட்டுவிட்டு ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஊரில் புதிது புதிதாக ஆட்கள் வருகிறார்கள். பள்ளியில் ஒரே பெஞ்சில் மூன்று வீட்டுப் பாஷை. வேறு பாஷை பேசும் பிள்ளையை மற்றதுகள் ஒதுக்கி உட்கார்ந்தால் என்னால் வகுப்பில் நிற்க முடியாது. வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். கன்னடம் கற்றுக்கொண்டேன். யாருக்காக என்று கேட்காதீர்கள். அன்று அவர்கள் இருவரும் என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்பது மட்டும் எனக்கு இன்னும் தெரியாது.

வசந்தாவுக்குக் கல்யாணமாகி, இப்போது முதல் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள். நிறைமாதம். அவள் கால் வீங்கினால் எனக்குப் பயம். வீக்கம் வடிந்தால் அதற்கும் பயம். அவள் பெருமூச்சு விட்டால் எழுந்து நிற்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் வாசலில் யாரோ கன்னடத்தில் கூப்பிட்டார்கள். நான் போய்ப் பார்ப்பதற்குள் வசந்தா வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஓடினாள். அத்தனை நாளாக எழுந்து நடக்கவே சிரமப்பட்டவள்!

கெம்பம்மா.

தலை பாதி நரைத்திருந்தது. முந்தானையில் அவரைக்காய் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். முடிச்சை அவளால் அவிழ்க்க முடியவில்லை. விரல்கள் உள்ளே இழுத்து, தோல் மெழுகு மாதிரி மினுங்கியது. வசந்தா அவிழ்த்தபோது அவரைக்காய் தரையில் சிதறியது. வசந்தா பிள்ளைத்தாய்ச்சியாக வந்திருக்கிறாள் என்று சந்தையில் யாரோ சொல்லக் கேட்டு, பஸ் பிடித்து வந்திருக்கிறாள். தம்பியும் அவன் சம்சாரமும் சுகம், மூத்த பையன் பள்ளிக்கூடம் போகிறான் என்றாள். மூத்த பையன்! கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் மனசுக்குள் வசந்தாவுக்குக் கல்யாணம் செய்துவைத்துத் தவித்த நாட்களில் அந்தத் தம்பி ஒரு பிள்ளைக்குத் தகப்பன்.

அவர்கள் இருவரும் கன்னடத்தில் பேசினார்கள். எனக்கு எல்லாம் புரிந்தது. புரிகிறது என்று நான் காட்டிக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்ததும், அன்று போலவே, தமிழுக்கு வந்துவிட்டார்கள்.

நான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாய் திறந்தது. அதற்குள் கெம்பம்மா வசந்தாவின் கன்னத்தை அந்தக் கையால் தடவிக்கொண்டே சொன்னாள்.

“உனக்கே தெரியும் வசந்தா. அப்ப அந்த ஷெட்டுல ஒரு ஜனம் எம் மூஞ்சியப் பாக்கல. நாளைக்குப் போவக் கூடாது, இதோட நின்னுடணும்னு தெனமும் ராத்திரி நெனச்சிக்குவேன். உனக்குத் தெரியாது, உங்கம்மா ஒருத்தர்தான் தெனமும் வந்து சாப்பிட்டியான்னு கேட்டாங்க. அந்த ஒரு பேச்சுக்காகத்தான் நான் மறுநாளும் வேலைக்கு வந்தேன்.”

வசந்தா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் தரையில் கிடந்த அவரைக்காயைப் பொறுக்கப்போனேன். ஒன்றுகூடக் கையில் நிற்கவில்லை.

கெம்பம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“என்ன டீச்சரம்மா, இப்படி எளச்சிட்டீங்க? நீங்க சாப்பிட்டீங்களா?”